கனடாப் பெண்ணுக்கு ஒரு தனித் தட்டு

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் நான் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கொளவாய் ஏரிக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. அத்தாவுக்குப் பஜாரில் இரும்புக்கடை. வீட்டில் அத்தா, அம்மா, பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, நான். சின்ன வயதிலிருந்தே கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஊரில் வியாபாரிகளும் டாக்டர்களும் வக்கீல்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அத்தாவும் அதில் ஒரு உறுப்பினர். எப்படியோ கனடாவில் ஒரு சின்ன ஊரோடு அவர்களுக்குக் கடிதப் பழக்கம் ஏற்பட்டு, இனி இரண்டும் சகோதரி ஊர்கள் என்று பத்திரம் எழுதி, கண்ணாடி போட்டுச் சங்கத்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள். யார் அக்கா, யார் தங்கச்சி என்று கூட்டத்தில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்ததாம். செங்கல்பட்டுக்குத்தான் வயது ஜாஸ்தி, அதனால் நாம்தான் அக்கா என்று ஒரு வக்கீல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் காபியே வந்தது என்று அத்தா சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கனடா ஊருக்கு ஜப்பானில் ஏற்கெனவே ஒரு சகோதரி ஊர் உண்டு. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே வருடா வருடம் மாணவர்கள் போய், ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருந்துவிட்டுத் திரும்புவார்களாம். அதே மாதிரி நம் ஊருக்கும் முதல் தடவையாக ஒரு மாணவியை ஆறு வாரத்துக்கு அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அவர் வீட்டில் அம்மை போட்டுவிட்டது. யார் வீடு என்று கேட்டபோது அத்தா கையைத் தூக்கிவிட்டார். புதிதாகக் கட்டிய அறையை ஒட்டினாற்போலக் குளியலறை இருந்தது, அதுதான் எங்கள் தகுதி.

அவள் வந்த அன்று ஸ்டேஷனுக்கு ஒரு கூட்டமே போனது. ரோஜா மாலை, பேண்டு வாத்தியம், சங்கத்துத் தலைவர் கையில் எழுதிவைத்த பேச்சு. மெட்ராஸிலிருந்து ரயில் வந்து நின்றதும் மாலையோடு ஒவ்வொரு பெட்டியாக ஓடிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரப் பெண் யாரும் இறங்கவில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது. ‘தூங்கிட்டாளோ, விழுப்புரத்துல போய்தான் முழிப்பா’ என்று ஒருவர் கவலைப்பட்டார்.

எடை பார்க்கும் மிஷின் பக்கத்தில், முதுகில் ஒரு பையோடு, கறுப்பு முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட குள்ளமான பெண் ஒருத்தி நின்றிருந்தாள். மாமல்லபுரம் பார்க்க வந்த ஜப்பான்காரி என்று நினைத்தேன். நான் மட்டுமா, எல்லோரும்தான். மாலை அவளைத் தாண்டி இரண்டு தடவை போய் வந்தது. பிளாட்பாரம் காலியான பிறகு அவளாகவே வந்து கடிதத்தை நீட்டினாள். அவள் பாட்டன் காலத்திலேயே ஜப்பானிலிருந்து கனடாவுக்குப் போன குடும்பம். கனடாவில் பிறந்தவள். அவளுக்கு வீட்டில் பேசுவதும் இங்கிலீஷ்தான்.

நாங்கள் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டாள். முன்பே எழுதியிருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, நல்ல பெண், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அவளுக்காக அத்தா மூர் மார்க்கெட் போய் ஒரு சாப்பாட்டு மேஜை வாங்கி வந்திருந்தார். கூடவே பூப்போட்ட பீங்கான் தட்டு, முள்கரண்டி, ஸ்பூன், ஒரு நாற்காலி. வருவது ஒருத்திதானே, எதற்கு நான்கு நாற்காலி என்பது அவர் கணக்கு. கூடத்து ஜன்னலோரம் அதைப் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்தோம். மூன்று வேளையும் அவளுக்கு முதல் பந்தி. ரொட்டி, ஜாம், அவித்த முட்டை, ஆட்டுக்கால் சூப் என்று அம்மா பார்த்துப் பார்த்துச் செய்வார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று இங்கிலீஷில் கேட்பேன். அத்தா வாசல் பக்கம் நின்று, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்த்துவிட்டுப் போவார். வீடே ஆடாமல் அசையாமல் இருக்கும். இடியாப்பத்தை முள்கரண்டியால் சுற்றி அவள் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி நழுவிவிடும். யாரும் சிரிக்க மாட்டோம். மரியாதை.

அவள் எழுந்து போன பிறகு அத்தா சாப்பிடுவார். கடைசியில் நாங்கள் பெண்கள். அடுக்களையில் பாய் விரித்து, நடுவில் ஒரு பெரிய சஹன் வைத்து, அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் அந்த ஒரே தட்டைச் சுற்றி உட்காருவோம். அம்மா சோற்றைக் குவித்து நடுவில் ஆணம் என்று நாங்கள் சொல்லும் குழம்பை ஊற்றுவார். அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டியது. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல கறித்துண்டு கையில் பட்டால் அதை நாம் தின்னக்கூடாது, எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அக்கா அம்மா பக்கம் தள்ளுவாள், அம்மா என் பக்கம் தள்ளுவார், வயிற்றுப் பிள்ளைக்காரி நீ தின்னு என்று நான் அக்கா பக்கமே திருப்பி அனுப்புவேன். ஒரே துண்டு மூன்று சுற்றுச் சுற்றும். ஊர்க்கதையெல்லாம் அந்தத் தட்டில்தான் பேசப்படும். சத்தமும் சிரிப்பும் கூடம் வரைக்கும் கேட்கும்.

அவள் வந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்று பார்த்தாள். அம்மா உடனே நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்துப் பாயைத் தட்டினார்.

“வா கண்ணு, குந்து” என்றார்.

எனக்கு அவமானமாகிவிட்டது. மூன்று பேர் கை ஒரே தட்டில். இந்தக் காட்டுமிராண்டித்தனத்தை அவள் ஊருக்கு எழுதினால் என்ன ஆகும்? சட்டென்று எழுந்து, கையைக் கழுவி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போய் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார வைத்தேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், தண்ணீர் போதும் என்றாள். திரும்பி வந்ததும் அம்மா என்னைப் பார்த்து, ‘அவளும் புள்ளதானே, ஏன்டி இட்டுகினு போன?’ என்று கேட்டார். உனக்கு ஒன்றும் தெரியாது, அவர்களெல்லாம் அப்படிச் சாப்பிட மாட்டார்கள் என்று நான் வாயை அடைத்துவிட்டேன். படித்த பெண் சொன்னால் அம்மாவுக்கு வேதவாக்கு.

அதற்குப் பிறகு அவள் அடுக்களைப் பக்கம் வரவில்லை. நாளாக ஆகப் பேச்சும் குறைந்தது. ரொட்டி பாதியில் நிற்க ஆரம்பித்தது. பகலெல்லாம் அறைக்குள் எதையோ எழுதிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் ஏரிக்கரைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தா எலுமிச்சம்பழமாக வாங்கிக் குவித்தார்.

நான்காவது வாரம் காலேஜுக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரு கடிதம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள். அவளை அனுப்பிவைத்தவர்களின் மெட்ராஸ் ஆபீஸ் விலாசம். ஓரத்தில் ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. ஒட்டியிருந்தாலும் பிரித்திருப்பேன் என்பதுதான் உண்மை. தபாலாபீஸ் எதிரே புளியமரத்தடியில் நின்று படித்தேன்.

என்னை வேறு ஏதாவது விடுதிக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். ‘இவர்கள் ரொம்ப நல்லவர்கள். ஆனால் என்னோடு சேர்ந்து சாப்பிட இவர்கள் மதத்தில் இடமில்லை என்று நினைக்கிறேன். நான் தொட்ட பாத்திரம் எல்லாமே தனி. பெண்கள் மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். ஒரு நாள் தெரியாமல் பக்கத்தில் போய்விட்டேன். மகள் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு என்னை அப்புறப்படுத்தினாள். இனிமேலும் இருந்து இவர்களுக்குச் சங்கடம் தர எனக்கு விருப்பமில்லை.’

ஏழையும் பணக்காரனும் ஒரே சஹனில் கை வைப்போம், தீட்டென்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது என்று தெருவெல்லாம் பெருமை பேசுகிற குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டில் ஒரு பெண் தன்னைத் தீண்டத்தகாதவளாக நினைத்துக்கொண்டு நான்கு வாரம் இருந்திருக்கிறாள். நினைக்க வைத்தவள் நான்.

அப்போதே ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடிதத்தைப் பிரித்தது தெரிந்துவிடும். தபாலில் போட்டால் சங்கத்தில் அத்தாவின் தலை குனிந்துவிடும். இரண்டுக்கும் பயந்து, கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிட்டேன். நாலு நாள் நன்றாக உபசரித்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னும் இரண்டு வகை ஜாம் வாங்கி வைத்தேன். எவ்வளவு முட்டாள் பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை மாமல்லபுரம் அழைத்துக்கொண்டு போகலாம் என்று நானே கிளப்பினேன். அம்மாவும் வந்தார். சின்னத் தேக்ஸாவில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, தட்டையான மூடி போட்டு, துணியால் கட்டிக்கொண்டார். அவளுக்கு மட்டும் நான் தனியாக ஒரு டிபன் டப்பாவில் ரொட்டியும் ஜாமும் வைத்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம்.

ஐந்து ரதங்கள் பக்கத்தில் ஒரு ஜப்பான் கோஷ்டி பஸ்ஸை விட்டு இறங்கியது. அவளைப் பார்த்ததும் ஆசையாக ஓடி வந்து படபடவென்று பேசினார்கள். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த நாலு வார்த்தையைச் சொல்லிக் குனிந்து வணங்கினாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மரியாதையாகத் திருப்பி வணங்கிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ‘உங்க ஊர்க்காரங்க போறாங்க பாரு’ என்று ஒரு கைடு அவளைப் பார்த்துக் கை காட்டினான்.

வெயில் ஏறியதும் அம்மாவைச் சவுக்குத்தோப்பு நிழலில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் நடந்தோம். அவளாகப் பேச ஆரம்பித்தாள். போன வருடம் அந்த ஜப்பான் சகோதரி ஊருக்கு அவள்தான் போயிருந்தாளாம். அந்த வீட்டில் தினமும் தொட்டியில் வெந்நீர் நிரப்பி வீடே ஒவ்வொருவராக இறங்கிக் குளிப்பார்கள். விருந்தாளிக்கு முதல் குளியல். தினமும் அவளைத்தான் முதலில் அனுப்புவார்கள். சுத்தமான தண்ணீரில் தனியாக உட்கார்ந்துகொண்டு, வெளியே மற்றவர்கள் தனக்காகக் காத்திருப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாளாம். கடைசி வாரம் ஒரு நாள் அந்த வீட்டுக்காரம்மாள் ஏதோ வேலை மும்முரத்தில், தம்பி குளித்துவிட்டான், நீ போய்க் குளி என்று கத்திவிட்டாள். தம்பி குளித்த அழுக்குத் தண்ணீரில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன் என்றாள்.

“உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்தேன்” என்றாள். பிறகு, கடிதத்துக்கு ஏன் இன்னும் பதில் வரவில்லை என்று கேட்டாள்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பொய் வரவில்லை. தபாலில் போடவில்லை, படித்துவிட்டேன் என்று சொன்னேன். மதமெல்லாம் ஒன்றுமில்லை, எங்கள் ஒரே தட்டைப் பார்த்து நீ கேவலமாக நினைப்பாயோ என்று எனக்குத்தான் வெட்கம் என்றும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பத்துப் பக்கம் நடந்து போய்விட்டாள். எழுந்து பின்னால் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அரை மணி ஆகியும் அவள் திரும்பவில்லை. அலை பெரிதாக அடித்துக்கொண்டிருந்தது. நீச்சல் தெரிந்தவளா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்தவளைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன். அம்மா அடிக்கவில்லை.

“நம்ம வூட்ல ஒரு பொண்ணு பசியோட இருந்துகினு கீறா. நீ அத மடிச்சிப் பொஸ்தகத்துல வெச்சிகினு இருந்தியா?” என்றார்.

தேக்ஸாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொதிக்கிற மணலில் விறுவிறுவென்று நடந்தார். நான் டிபன் டப்பாவோடு பின்னால் ஓடினேன். குப்பத்துக்கு இந்தப்பக்கம், கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு கட்டுமரத்தின் நிழலில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று அம்மா முணுமுணுத்தது கேட்டது.

அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. என்னை மொழிபெயர்க்கவும் கூப்பிடவில்லை. அவள் எதிரே மணலில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, தேக்ஸா மூடியை மல்லாத்தி வைத்து, அதில் சோற்றைக் கொட்டினார். கடல் தண்ணீரில் கழுவிய கையால் தன் பக்கத்திலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். பிறகு தன் பக்கம் இருந்த பெரிய கறித்துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை வைத்தாள். ஐந்து விரலையும் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் சோறு மடியெல்லாம் சிந்தியது. அம்மா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மா இடது கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, ‘துன்னு, துன்னு’ என்றார்.

நான் பத்தடி தள்ளி வெயிலில் நின்றிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவதை வெளியே நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவள் நிமிர்ந்தே பார்க்காமல், ஒரு கறித்துண்டை மூடியின் காலிப் பக்கத்துக்குத் தள்ளி வைத்தாள். எங்கள் வழக்கத்தை அதற்குள் பிடித்துக்கொண்டாள். அது எனக்குத்தான். தெரிந்தும் கால் நகரவில்லை. வெட்கம் என்று சொல்லலாம், திமிர் என்றும் சொல்லலாம். துண்டு அங்கேயே கிடந்தது. கடைசியில் அம்மா அதை எடுத்துக் காக்கைக்குப் போட்டுவிட்டு மூடியைக் கழுவினார்.

மிச்சம் இருந்த பத்து நாளும் அவள் அடுக்களையில்தான் சாப்பிட்டாள். அம்மா, அக்கா, அவள். மொழியே இல்லாமல் மூன்று பேரும் எதற்கு அப்படிச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலேஜுக்கு நேரமாகிவிட்டது, பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நான் மேஜையில் தனியாகச் சாப்பிட்டேன். அதே நாற்காலி, அதே பூப்போட்ட தட்டு. யாரும் என்னை ஒதுக்கவில்லை. அம்மா இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சிரிப்புச் சத்தம் கூடம் வரைக்கும் வரும். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அவள் ஊருக்குக் கிளம்பும் நாள். பதினோரு மணிக்கு ரயில். காலையில் நான் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையிலிருந்து அவள் வந்தாள். கையெல்லாம் ஆணம். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அன்று நான் அவளை எப்படிப் பிடித்தேனோ, அதே பிடி. அழைத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைத்தாள். அம்மாவும் அக்காவும் ஒன்றுமே நடக்காததுபோல நகர்ந்து இடம் விட்டார்கள். இடியாப்பமும் கறி ஆணமும். அவள் ஒரு துண்டைத் தேடி எடுத்து என் பக்கம் தள்ளினாள். இந்தத் தடவை எடுத்துச் சாப்பிட்டேன். ஆறு வாரத்தில் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டது அந்த ஒரே வேளைதான்.

ஸ்டேஷனில் கடிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, இரண்டும் அம்மா பெயருக்கு. நான்தான் படித்துக் காட்டினேன். எனக்கு ‘அன்பு’ என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அப்புறம் கடிதம் நின்றுவிட்டது. சங்கத்துக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். எது அக்கா ஊர், எது தங்கச்சி ஊர் என்று சொல்ல இப்போது ஊரில் ஆள் இல்லை.

அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. நான் இப்போது படூரில் மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மகனும் மருமகளும் சிறுசேரியில் வேலை. தங்கமான பிள்ளைகள். அம்மாவுக்கு முதலில் கொடு என்று மகன் சொல்ல, ராத்திரி சரியாக ஏழரைக்கு எனக்குத் தட்டில் வந்துவிடும். மேஜையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறேன். நல்ல தட்டுதான், எல்லாம் சூடாகத்தான் இருக்கும். அவர்கள் அப்புறம் சோபாவில் உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் எதையோ கொறித்துக்கொண்டு சிரித்துப் பேசுவது கேட்கும். சில நாள் நானும் எழுந்து போய்க் கூடத்து வாசலில் நிற்பேன். என்னம்மா, ஏதாவது வேண்டுமா என்று மகன் பதறி எழுந்திருப்பான். ஒன்றும் வேண்டாம்பா, தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அப்படி வாசலில் வந்து நிற்பவர்கள் எதையும் கேட்க வருவதில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டால் போதும் என்பது என் அம்மாவுக்கு ஒரு நொடியில் புரிந்தது, எனக்குப் புரிய ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.